பிணம் கேட்ட சாட்சி

"…பாடச் சொன்னா பாடிட்டுப் போறேன், அதுக்கென்ன. பொணம் எங்க? அத மொதல்ல காட்டுங்க."

சாட்சிக் கூண்டில் நின்றபடி காத்தாயி அம்மா இப்படிக் கேட்டதும், கேள்வியை வாங்கிக்கொண்ட எதிர்த்தரப்புச் சென்னை வக்கீல் தன் பின்னால் நின்ற ஜூனியரைத் திரும்பிப் பார்த்தார். பிணம் கொண்டுவர வேண்டியது ஏதோ ஜூனியருடைய பொறுப்பு என்பதுபோல. ஜூனியரும் பாவம், கையிலிருந்த ஃபைலை ஒருதரம் புரட்டினார்.

நான் அந்த வழக்கில் காத்தாயி அம்மாவின் வக்கீலுக்குக் குமாஸ்தா. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் பழைய ஆபீஸ் பிள்ளைகள் போன் போட்டு, "மேடம், அந்த ஒப்பாரி கேஸ சொல்லுங்களேன்" என்று கேட்கிறார்கள். இப்போது ஒரு பாட்டை இணையத்திலிருந்து நீக்க அவர்களுக்கு ஒரு கட்டைவிரல் போதும். புகார் அனுப்புகிறார்கள், டீ வருவதற்குள் பாட்டு காணாமல் போகிறது. பாட்டு யாருடையது என்று மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் எவரையும் கேட்பதில்லை. எவன் முந்தினானோ அவனுடையது. பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதை அது மட்டும்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது.

நான் பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயர் கிரேடும் முடித்துவிட்டு அந்த ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். சட்டம் படித்ததில்லை. அடித்து அடித்துத்தான் கற்றுக்கொண்டேன். காப்பிரைட் என்ற சொல்லை முதலில் டைப் அடித்தபோது, கார்பன் வைத்துக் காப்பி எடுப்பதற்கு யாரோ அனுமதி கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு குமாஸ்தா ஆனேன், சம்மனுக்குப் பேட்டா கட்டவும் வாய்தா வாங்கவும் பழகினேன், தலை நரைத்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் சீனியர் கோதண்டம் சார், மற்ற வக்கீல்கள் வாய்க்கால் வழக்கிலும் வரப்பு வழக்கிலும் பிழைத்துக்கொண்டிருந்த ஊரில் பாட்டு வழக்குக்கென்று பெயர் வாங்கியவர். எங்கள் ஊரை இசை பிறந்த மண் என்று மேடைக்கு மேடை சால்வை போட்டுக்கொள்வார்கள். அந்த இசைக்கு யார் சொந்தக்காரர் என்று கேட்டால் மட்டும் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் சாரிடம் வருவார்கள்.

சாரின் அறையில் மூன்று சொற்களுக்குத் தடை. அநியாயம், அக்கிரமம், மனசாட்சி. யாராவது வாயெடுத்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். "இதுக்கெல்லாம் செக்ஷன் கெடையாதுய்யா. என்ன எடுத்தான், எப்ப எடுத்தான், அது ஒன்னுதுங்கிறதுக்கு என்ன வெச்சிருக்க? மூணு மட்டும் சொல்லு." அந்த மூன்று சொல்லும் இல்லாமல் பேசத் தெரியாமல் எத்தனையோ பேர் திணறியிருக்கிறார்கள். ஒருவர் அரை மணி நேரம் "ஐயா… ஐயா…" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கட்சிக்காரர் பேசும்போது சார் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். சட்டென்று கண் திறந்தால் அந்த இடத்தில் கட்சிக்காரர் பொய் சொல்கிறார் என்று பொருள். ஒரு கச்சேரி ஏற்பாட்டாளர் பேசிக்கொண்டிருந்தபோது சார் கண்ணை மூடவே இல்லை. அந்தக் கேசை நாங்கள் எடுக்கவில்லை.

கேசட் காலத்தில் ஒரு பக்திப்பாட்டுக் கம்பெனிக்காரருக்காகக் கோர்ட் உத்தரவு வாங்கி, பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஒரு கடையில் திருட்டு கேசட்டுகளைப் பறிமுதல் செய்யப் போனோம். கோர்ட் நியமித்த கமிஷனர், ஒரு ஏட்டய்யா, கம்பெனிக்காரர், கணக்கெழுத நான். கடைக்காரர் பதறவில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல உக்காருங்க" என்று எல்லோருக்கும் பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார். திருட்டுக்குச் சாட்சியாக வந்தவர்கள் எல்லோரும் திருடன் செலவில் ஏப்பம் விட்டோம். ஏட்டய்யா மூட்டைக்குள் கைவிட்டு, "இதுல மாரியம்மன் தாலாட்டு இருக்கா பாரும்மா, வீட்ல கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார்.

எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும்போதுதான் கடைக்காரர் வாயைத் திறந்தார். "என்னத் திருடன்னு எழுதிக்குங்க, சரி. இதுல பாடுன பூசாரிக்கு இவரு என்ன எழுதிக் குடுத்தாருன்னு ஒரு வார்த்த கேளுங்களேன்." கம்பெனிக்காரர் கடையின் கூரையை ஆராயத் தொடங்கினார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். அன்று நேரில் பார்த்தேன். அதன் பிறகு சார், கம்பெனிக்காரர்கள் வந்தால், பாடியவரையும் கூட்டிக்கொண்டு வந்தால்தான் நாற்காலி போடச் சொன்னார்.

பிறகு கேசட் போய் சி.டி. வந்து, அதுவும் போய், கல்யாண மண்டபங்களில் பாட்டு போட உரிமம் எங்கே என்று கேட்டு வரும் ஆட்களின் காலம் வந்தது. கல்யாணம், சாமி காரியங்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஒருநாள் காதணி விழாவில் பாட்டை நிறுத்திவிட்டு ஒருவர், "இது மதச் சடங்கா, பார்ட்டியா?" என்று தாய்மாமனிடம் கேட்டிருக்கிறார். கேட்கக் கூடாத ஆளிடம், கேட்கக் கூடாத நேரத்தில். சீர்வரிசைத் தட்டோடு நின்ற தாய்மாமன், "காது குத்துறது எங்க புள்ளைக்கு. நீ எனக்குக் குத்தாத" என்று சொல்லி, அவரைப் பந்தியில் உட்கார வைத்துக் கிடாக்கறி போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் நோட்டீஸ் வந்தது. சாப்பாட்டைப் பற்றி நோட்டீசில் ஒரு சொல் இல்லை. சார் பதிலில் முதல் வரியாக அதைத்தான் சேர்க்கச் சொன்னார். அதோடு அந்த விவகாரம் அடங்கிவிட்டது.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் காத்தாயி அம்மா வந்தார்.

வெண்ணாற்றங்கரையில் ஒரு ஊர். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நடவு நட்ட குடும்பம், இப்போது குத்தகைக்கு எடுத்து அவர்களே பயிர் வைக்கிறார்கள். மகள் நர்சிங் படித்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். காத்தாயி அம்மா ஒப்பாரியில் பேர்போனவர். சுற்றுவட்டாரத்தில் சாவு என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவர் அழுதால்தான் செத்தவர் நல்லவர் என்று ஊர் நம்பும். அப்படிப்பட்டவருடைய வீட்டுக்காரரே, இரவு தங்கள் முறை வந்து வயலுக்கு முறைத்தண்ணீர் வைக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோனார். அன்றைக்கு அந்தம்மா தன் சொந்தத் துக்கத்துக்குப் பாடினார்.

அந்தச் சாவுக்கு வந்த தூரத்து உறவுப் பையன் ஒருவர் கேமராவில் படம் பிடித்துவிட்டார். அவருக்கு இணையத்தில் நாட்டுப்புறப் பாட்டுச் சேனல் இருக்கிறது. "மண்ணின் கலையை உலகுக்குக் கொண்டு போறோம்" என்பது அதன் வாசகம். கொண்டுதான் போனார். ஒப்பாரிக்கு அடியில் செண்டை மேளமும் எதுவோ இரைகிற ஒரு மெஷின் சத்தமும் சேர்த்து, வேகத்தைக் கூட்டி, ஆட்டப் பாட்டாக்கி விட்டுவிட்டார். ஊரூராய் ஓடியது. கல்லூரி விழாவில் ஆடினார்கள், திருவிழாவில் ஆடினார்கள். காத்தாயி அம்மா அதை முதன்முதலில் கேட்டது ஒரு வளைகாப்பில். கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருக்கிறார்.

"வீர வீர வீரமுத்து, வீர வீர வீரமுத்து" என்று மெஷின் திரும்பத் திரும்ப இழுத்தது. வீரமுத்து அவருடைய வீட்டுக்காரர் பெயர்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அப்பாவுக்கு முதல் திவசத்தன்று மகள், தன் போனில் இருந்த அம்மாவின் ஒப்பாரியை, மேளமும் மெஷினும் இல்லாமல், இணையத்தில் போட்டிருக்கிறாள். உடனே பதில் வந்துவிட்டது: இது வேறொருவருக்குச் சொந்தமானது, நீக்கப்படுகிறது. பெண்டாட்டி அழுததை மகள் போட்டால் திருட்டு. எவனோ மேளம் கட்டிப் போட்டால் கலைச்சேவை.

மகள் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னாள். சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். காத்தாயி அம்மா குறுக்கிட்டார்.

"சாமி, எனக்கு ஒன்னும் தெரியாது. அவரு உசிரோட இருந்த வரைக்கும் அவரு பேர நான் வாயால சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட மவளதான் சொல்லச் சொல்லுவேன். அன்னிக்கு ஒருநாதான் வாய்விட்டுச் சொன்னேன். அதப் புடிச்சுக்கிட்டுப் போயி ஊரே ஆடுது. அத நிறுத்தணும். வேற ஒன்னும் வேணாம்."

சார் கண்ணைத் திறந்தார். பொய் எதுவும் இல்லையே என்று நான் திடுக்கிட்டேன். அவர் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தடை செய்யப்பட்ட மூன்று சொற்களில் ஒன்றை அன்று அவரே சொன்னார். எதுவென்று நான் எழுதப் போவதில்லை. ஆபீஸ் விதி ஆபீஸ் விதிதான்.

சட்டத்தில் வழி இருந்தது. பாட்டு எழுதியவருக்கு ஒரு உரிமை, அதைப் பாடியவருக்கு ஒரு உரிமை. பாடியதைச் சிதைத்துப் பாடியவரை இழிவுபடுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் வழக்கு போட வேண்டுமானால் பாட்டு முழுவதையும் பிராதோடு சேர்த்து எழுதித் தர வேண்டும். "பாடுங்கம்மா, எழுதிக்கிறேன்" என்று நான் பேனாவோடு உட்கார்ந்தேன்.

"இங்கயா? என்னம்மா நீ, நாலு பேரு வந்துபோற எடத்துல! சாவு இல்லாத வீட்ல ஒப்பாரி வெச்சா சாவு வந்துரும்."

"பாட வேணாம், சும்மா வார்த்தையாச் சொல்லுங்க."

"வார்த்தையா வராதும்மா. கட்டி அழுதாத்தான் வரும்."

வேறு வழியில்லாமல் மகளின் போனில் இருந்ததைப் போட்டேன். இரண்டு வரி ஓடியிருக்கும். ஆபீசுக்குப் பின்னால்தான் சாரின் வீடு. கையில் கரண்டியோடு வீட்டம்மா வந்து நின்றார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு ஏத்தற நேரத்துல, யாரு வீட்டுல எழவு?" உயர் நீதிமன்றத்தையே எதிர்த்துப் பேசிய சார், மறுபேச்சு இல்லாமல் போனை அணைக்கச் சொன்னார்.

ஆகவே அந்த வழக்கின் முக்கிய ஆவணம் புது ஆற்றங்கரையில், சாரின் அம்பாசடர் காருக்குள் தயாரானது. டிரைவர் செல்வம் இரண்டு நிபந்தனை போட்டார். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும், அவர் காரில் இருக்க மாட்டார். தூரத்தில் போய் மரத்தடியில் நின்றுகொண்டார். மகளின் போனை ஓடவிட்டு, வெயிலில் வெந்துகொண்டே நான் எழுதினேன். காத்தாயி அம்மா பின் சீட்டில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தார்.

மேட்டு வயக்காட்டுக்கு
மொறத்தண்ணி வெக்கப் போனவரே
தண்ணி வந்து சேந்திருச்சே என் ராசா
தொறந்த கை வரலயே

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. சார் முன் சீட்டிலிருந்து திரும்பாமல், "எழுதும்மா" என்றார்.

எதிர்த்தரப்பின் பதில் வந்தது. சென்னையில் தயாரான, வழவழ காகிதத்துப் பதில். ஒப்பாரி என்பது காலங்காலமாக வரும் மரபு, அதற்குத் தனி ஆசிரியர் இல்லை, ஆயிரம் பெண்கள் பாடுவதையே இவரும் பாடினார், ஆகவே இவருக்கு உரிமை கிடையாது என்று ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில், இந்தப் பாட்டின் முழு உரிமையும் சேனலுக்கே சொந்தம் என்று. நம் வீட்டுப் பாட்டு என்றால் அது ஆற்றில் போகிற தண்ணீர், அய்யா குடி, அம்மா குடி. அவர்கள் குடத்தில் ஏறியதும் அது அவர்கள் கிணறு. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்ற பழமொழியை ஆங்கிலத்தில் இவ்வளவு நீளமாக எழுத முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

விசாரணை நாளன்று சேனல்காரர் நேரில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கூடவே அவருடைய அம்மா. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த வழியாகவே உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கலாம் என்று மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒப்பாரி வழக்குக்குக் கல்யாணப் பத்திரிகையோடு வந்தவர்களை என் சர்வீசில் வேறு பார்த்ததில்லை.

சென்னை வக்கீல் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். "கேமரா இருந்தது உங்களுக்குத் தெரியும். தடுக்கவில்லை. அப்படியென்றால் சம்மதம்தானே?"

"புருசன் பொணத்து மேல விழுந்து கெடக்குறவ, எவன் என்னத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்னா பாத்துக்கிட்டிருப்பா? ஒங்க வீட்ல எப்படிங்க?"

ஜட்ஜம்மா, "கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்றார். குரலில் கண்டிப்பு போதவில்லை.

வக்கீல் அடுத்ததற்குத் தாவினார். "இந்தப் பாட்டு நீங்களே கட்டியது என்கிறீர்கள். உங்கள் அம்மா, பாட்டி பாடியதைத்தானே பாடினீர்கள்?"

"மெட்டு அவங்களுது. சொல்லு என்னுது."

"நீங்களே கட்டுவீர்களா? அவ்வளவு திறமை இருக்கிறதா? அப்படியானால் இங்கேயே, இப்போதே புதிதாக ஒன்று கட்டிப் பாடுங்கள் பார்ப்போம்."

இந்தக் கேள்வியைச் சென்னையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் யாராவது அவரோடு இருந்திருந்தால் காலில் விழுந்து தடுத்திருப்பார்கள். அதற்குத்தான் காத்தாயி அம்மா பிணம் எங்கே என்று கேட்டார்.

"சாட்சி பாட மறுக்கிறார் என்று பதிவு செய்யுங்கள்" என்றார் சென்னை வக்கீல், ஜூனியரிடமிருந்து பிணம் வராததால்.

கோதண்டம் சார் எழுந்தார். "சாட்சி மறுக்கவில்லை. பாடுகிறேன் என்றுதான் சொன்னார். யாருக்கென்று கேட்கிறார். ஊருக்கெல்லாம் பொதுவான ஒரே பாட்டு என்றால், செத்தது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. இதையும் சேர்த்துப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

ஜட்ஜம்மா சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே சென்னை வக்கீலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பிணம் எதற்கு? உயிரோடு இருப்பவரை நினைத்துப் பாடட்டுமே. யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்."

ஜட்ஜம்மா தன் நாற்காலியை அரையடி பின்னால் தள்ளிக்கொண்டார். பெயர் கூப்பிடும் டவாலி கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அவரவர் வீட்டில் அவரவர் பிள்ளைகுட்டி இருக்கிறது.

காத்தாயி அம்மா கோர்ட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பார்வை சேனல்காரரிடம் வந்து நின்றது. கூண்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துத் தோளில் விட்டார்.

"சரி. அந்தத் தம்பிக்கே கட்டுறேன். அதுக்குத்தான் பாட்டுன்னா ஆசையாச்சே. பேரு என்ன தம்பி? என்ன கொழம்புன்னா நல்லாச் சாப்புடுவ? ஆத்தா பக்கத்துல இருக்காங்களா? இந்த மூணும் தெரியாம எனக்குக் கட்ட வராது."

சேனல்காரர் தன் வக்கீலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். அதற்குள் பெஞ்ச் கிளார்க், உதவும் எண்ணத்தோடு கேஸ் கட்டை எடுத்து, "பிரதிவாதி பேருதானம்மா, இதோ…" என்று படிக்கத் தொடங்கினார்.

"சொல்லாதீங்க! எம்புள்ள பேரச் சொல்லிடாதீங்க!"

பத்திரிகைகள் தரையெல்லாம் சிதற, கடைசி பெஞ்சிலிருந்து அந்தத் தாய் ஓடி வந்தார். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அடுத்த வாரம் பந்தக்கால் நடணும்க்கா. ஒத்தப் புள்ளக்கா" என்று அழுதார்.

"எம்புருசனும் ஒத்த ஆளுதாம்மா" என்றார் காத்தாயி அம்மா. குரலை உயர்த்தவில்லை.

அந்தம்மா மகன் பக்கம் திரும்பிய திரும்பல் இருக்கிறதே, கோதண்டம் சாரின் முப்பது பக்க வாதம் அதன் கால்தூசி பெறாது. "எட்றா! அந்த எழவ இப்பவே எட்றா! கலையாம் கலை!"

மரபு, ஆசிரியர் இல்லாமை, பொதுச்சொத்து எல்லாம் அந்த நிமிடத்தில் கரைந்துபோயின. ஆயிரம் பெண்கள் பாடும் பழைய பாட்டுத்தானே, பாடினால் என்ன என்று சேனல்காரர் கேட்கவில்லை. தன் வக்கீலின் காதைக் கடித்தார். வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் பெருந்தன்மையோடு பாட்டை நீக்க ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். பெருந்தன்மை என்ற சொல்லை ஜட்ஜம்மா டைப் அடிக்கச் சொல்லவில்லை. எல்லா வடிவங்களையும் இன்றே நீக்க வேண்டும், மகள் போட்டதன் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வேண்டும், அந்தப் பெயரும் குரலும் இனி எங்கும் வரக் கூடாது என்று உத்தரவாதம் பதிவானது. சேனல்காரர் அங்கேயே நின்று போனில் ஒவ்வொன்றாக அழித்தார். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அழுத்தினார். மகள் பக்கத்தில் நின்று சரிபார்த்தாள்.

காத்தாயி அம்மா அதுவரை அவிழ்த்த கூந்தலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மகள் தலையசைத்ததும் எழுந்தார். கூந்தலை முடிந்துகொண்டார். கூண்டை விட்டு இறங்கி நேராகச் சேனல்காரரை நோக்கி நடந்தார். அவர் ஒரு அடி பின்வாங்க, அவர் அம்மா முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"பயப்படாத. கல்யாண மாப்ள நீ. ஒன் பந்தல்ல வேற பாட்டு போடச் சொல்லு" என்று சொல்லி, காத்தாயி அம்மா இரண்டு கையாலும் அவர் முகத்தை வழித்து, தன் நெற்றியின் இரு ஓரத்திலும் வைத்து நெட்டி முறித்தார். பத்து விரலும் சொடுக்கிட்டன.